சண்டிலிப்பாயில் நின்றுபோன கார்

அந்தக் காரை ஓர் உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் கராஜுக்கு வந்தார்கள். இழுத்து வந்தவர் சண்டிலிப்பாயில் வெங்காயம் செய்கிற தோட்டக்காரர். அவருடைய தோட்டத்துக்கு எதிரே வீதியோரத்தில் அது நின்றுகொண்டிருந்ததாம்.

"சொந்தக்காரர் செத்தவீட்டோடை நிக்கினம். காரை இஞ்சை விடச் சொன்னவை," என்றார். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டியவர் உடனே போகவில்லை. "அந்த மனுசி உதுக்குள்ளைதான் செத்தது," என்று சொல்லிவிட்டுப் பின் ஆசனத்தைக் கையால் காட்டினார்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. மானிப்பாய்ப் பக்கம் நாள் முழுக்க நின்றாலும் வீதியில் ஒன்றிரண்டு வாகனம்தான் போகும். சைக்கிள் வைத்திருந்தவன் ராசா. என் கராஜில் வேலை குறைந்து, பாதி நாள் மர வாங்கில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததைத் தோட்டக்காரர்தான் முதலில் சொன்னார். இளவாலையைச் சேர்ந்த கணவனும் மனைவியும். காலையில் மனைவிக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதைவிடக் காரில் யாழ்ப்பாணம் கொண்டுபோவது விரைவு என்று கணவன் நினைத்திருக்கிறார். நினைத்ததில் பிழையில்லை, கார் ஓடியிருந்தால். சண்டிலிப்பாய் வெளியில் அது இரண்டு முறை இழுத்து நின்றுவிட்டது. மறித்து ஏற்றிவிட ஒரு வாகனம் வரவில்லை. தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த இவர் ஓடிவந்து தள்ளிப் பார்த்தார். பிறகு சைக்கிளில் போய் ஓர் ஓட்டோவைக் கூட்டிவந்தார். அதற்குள் முடிந்துவிட்டது. நகரத்தில் வேலை செய்த அவர்களுடைய மகள் ஆசுப்பத்திரி வாசலில் வந்து நின்று, அம்மாவும் அப்பாவும் வருவார்கள் என்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

காரை வேப்பமரத்துக்குக் கீழே தள்ளி விட்டேன். யாரும் கேட்காமல் தொடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் தொட மனம் வரவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஒருவர் சைக்கிளில் வந்தார். குருநகரில் இருந்து அவ்வளவு தூரமும் மிதித்து வந்திருந்தார். வெயிலில் கறுத்த, திடமான உடம்பு. சொந்தமாக ஒரு போட் வைத்துக் கடலுக்குப் போகிறவர். செத்துப்போன பெண்ணின் தம்பி.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணை, உந்தக் காருக்குப் பெற்றோல் குடுத்தது நான்தான்," என்றார். "போட் எஞ்சினுக்கு எண்டு கொஞ்சம் வைச்சிருந்தனான். அக்காவுக்கு அடிக்கடி கிளினிக் இருக்கு, அவசரத்துக்கு உதவும் எண்டு ஒரு கான் கொண்டுபோய்க் குடுத்தன்."

"அதுக்கென்ன?"

"எங்கடை கொட்டிலிலை மண்ணெண்ணெயும் கிடக்கு, பெற்றோலும் கிடக்கு. எல்லாம் ஒரே மாதிரிக் கான். செத்தவீட்டிலையே சனம் கதைக்கத் துவங்கீற்றுது. மண்ணெண்ணெயைக் குடுத்து அக்காவைச் சாக்காட்டிப்போட்டான் எண்டு. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன். எந்தக் கானைத் தூக்கினனான் எண்டு இப்ப எனக்கே தெரியேல்லை."

அவர் என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்துத்தான் பேசினார்.

"சேமக்காலையிலை மண் போடேக்கை அக்கான்ரை பிள்ளை என்னைப் பாத்த பார்வை இருக்கு. எனக்குத் தெரியோணும் அண்ணை. நான்தான் எண்டாலும் பரவாயில்லை. தெரியோணும்."

காரின் சொந்தக்காரர் சம்மதிக்காமல் நான் தொடமாட்டேன் என்றேன். அத்தானோடு வருவதாகச் சொல்லிவிட்டு, வந்த வெயிலிலேயே திரும்பிப் போனார்.

அடுத்த கிழமை இருவரும் வந்தார்கள். கணவர் கந்தோர் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உயரமான மனிதர், முகம் வழிக்காமல் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. ஒரு கதிரையை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"பாருங்கோ தம்பி," என்றார். "இவர் நித்திரை கொள்ளுறாரில்லை."

கார் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எஞ்சினுக்கு நெருப்பு வேண்டும், அமுக்கம் வேண்டும், சரியான அளவில் பெற்றோல் வேண்டும். எது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும். தம்பிக்காரர் பெற்றோல் தாங்கிப் பக்கமே போய் நின்றார்.

"அதை முதல் பாருங்கோவன் அண்ணை."

"வரிசையாத்தான் பாக்கோணும் தம்பி. இல்லாட்டி மனசிலை நினைச்சு வைச்சிருக்கிறதைத்தான் கண்டுபிடிப்பம்."

நான் எஞ்சினோடு நிற்கும்போது திறப்பைத் திருப்பி ஸ்டார்ட் செய்ய ஓர் ஆள் வேண்டும். கேட்பதற்குச் சங்கடமாக இருந்தது. நான் சொல்வதற்கு முன்னரே கணவர் கதவைத் திறந்து ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தார். தலைக்கு முன்னால் தொங்கிய, பின்னால் பார்க்கிற கண்ணாடியைக் கையால் மேலே திருப்பி விட்டார். பின் ஆசனம் தெரியாமல் இருக்க என்று பிறகுதான் எனக்கு விளங்கியது.

பற்றரியில் சக்தி இருந்தது. திறப்பைத் திருப்பச் சொன்னேன். எஞ்சின் சுற்றியது, பற்றிக்கொள்ளவில்லை. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன், அதில் குற்றம் எதுவும் பதிவாகவில்லை. ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்போடு பிடித்துக்கொண்டு திரும்பவும் திருப்பச் சொன்னேன். நீலமாகப் பொறி பறந்தது. நெருப்பு இருக்கிறது. மற்றப் பிளக்குகளையும் கழற்றி, அந்தத் துளைகளில் ஒவ்வொன்றாக மானியை வைத்து அமுக்கம் பார்த்தேன். எல்லாச் சிலிண்டரும் ஒன்றுபோல் நன்றாக இருந்தன. ஒவ்வொரு தடவையும் "திருப்புங்கோ" என்று நான் சொல்ல, அவர் திருப்பினார். அன்றைக்கு அந்த வெளியில் எத்தனை தரம் இப்படித் திருப்பியிருப்பாரோ.

பிளக்குகளைத் திரும்பப் பூட்டிவிட்டுக் காருக்குக் கீழே படுத்துத் தாங்கியின் அடியாணியை இளக்கினேன். தண்ணீரோ அழுக்கோ இருந்தால் அடியில்தான் தங்கும். வந்த பெற்றோலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து மதிலின்மேல் வைத்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதில் இரண்டு சொட்டு விட்டேன். பக்கத்திலேயே மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு.

"பெற்றோல் எண்டால் காய்ஞ்சு போயிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிக்கும்," என்றேன்.

தம்பிக்காரர் தாளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றார். மண்ணெண்ணெய் விட்ட இடம் கொழுப்புத் தடவியதுபோல் அப்படியே இருந்தது. மற்ற இடம் மெல்ல மெல்ல வெளுத்து, எங்கே சொட்டியது என்று தெரியாமல் போயிற்று. போத்தலின் அடியிலும் தண்ணீர் பிரியவில்லை. சுத்தமான பெற்றோல்.

"நல்ல பெற்றோல் தம்பி. உங்கடையாலை இல்லை."

அவர் தலையாட்டினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்ப என்ன?" என்று மட்டும் கேட்டார்.

பெற்றோல் நல்லது, அப்படியென்றால் அது எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் காரில் பெற்றோல் பம்ப் பின் ஆசனத்துக்குக் கீழே இருந்தது. பார்க்க வேண்டுமென்றால் ஆசனத்தைத் தூக்க வேண்டும். கதவைத் திறந்தேன். ஒரு துவாய், பாதித் தண்ணீரோடு ஒரு போத்தல், கீழே பெண்கள் போடுகிற செருப்பு ஒன்று. மற்றது இல்லை. தம்பிக்காரர் குனிந்து செருப்பை எடுத்தார். வேலை முடியும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஆசனத்தைத் தூக்கினேன். பம்புக்குப் போகிற வயரில் சோதனை விளக்கை மாட்டித் திறப்பைத் திருப்பச் சொன்னேன். விளக்கு எரிந்தது. மின்சாரம் வருகிறது, பம்ப் சுற்றவில்லை. சில பம்புகள் உள்ளே தேய்ந்து ஓரிடத்தில் சிக்கி நிற்கும், தட்டினால் கொஞ்ச நேரம் ஓடும். எஞ்சின் பக்கம் பெற்றோல் அழுத்தம் பார்க்கும் மானியைப் பொருத்திவிட்டு, கீழே படுத்து இறப்பர்ச் சுத்தியலால் தாங்கியின் அடியில் தட்டினேன்.

பம்ப் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. வண்டு ஒன்று தகரப் பேணிக்குள் அகப்பட்டதுபோல ஒரு சத்தம். "திருப்புங்கோ" என்றேன். கார் ஸ்டார்ட் ஆயிற்று. எழுந்து போய்ப் பார்த்தேன். மானியின் முள் ஏறி நின்று, நடுங்கி, விழத் தொடங்கியது. முனகல் அறுந்தது. எஞ்சின் இரண்டு முறை இழுத்து நின்றது.

கணவரின் கை திறப்பிலேயே இருந்தது.

"பம்ப் போயிற்றுது அண்ணை. அதுதான் நிண்டது. வேறை ஒண்டும் இல்லை."

அவர் இறங்கவில்லை. "உந்தச் சத்தம் எவ்வளவு நாளாக் கேட்டிருக்கும்?" என்றார்.

"ஒரேயடியாப் போறதும் உண்டு. சிலது கன நாளாக இரைஞ்சு இரைஞ்சுதான் போகும்."

"அவ சொன்னவ," என்றார். "அவவுக்குக் கால் நீட்டி இருக்கோணும், எப்பவும் பின்னுக்குத்தான் இருக்கிறவ. சீற்றுக்குக் கீழை ஏதோ அழுகுது, ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்கோ எண்டு சொன்னவ. எனக்கு முன்னுக்குக் கேக்கேல்லை. பெற்றோலே இல்லாமல் சனம் சாகுது, உனக்குச் சத்தம் பெரிசாப் போச்சோ எண்டு ஏசினனான்."

அந்த நாட்களில் பாகங்கள் வருவதே இல்லை, என்னிடம் கொண்டுவந்திருந்தாலும் பம்ப் கிடைத்திருக்குமோ தெரியாது என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் கழற்றித் துடைத்து, வேறு பழைய காரின் பம்பைப் போட்டு, எப்படியும் ஓட வைத்திருப்பேன் என்பதும் உண்மை. அதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தம்பிக்காரர் கதவுக்கு அருகே குந்தினார். "அத்தான், இதை ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. சனம் பெற்றோல் எண்டு கதைக்குது, அப்பிடியே கதைக்கட்டும். நான் கடலுக்குப் போறவன், எனக்கென்ன. நீங்கள் பிள்ளையோடை ஒரு வீட்டுக்குள்ளை இருக்கிறனீங்கள்."

பிறகு என்னைப் பார்த்து, "அண்ணை, நீங்களும் ஒண்டும் சொல்லவேண்டாம்," என்றார்.

பழி நீங்க வேண்டும் என்று அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்த மனிதர், நீங்கியவுடனே அதைத் திரும்பக் கேட்டு வாங்கினார். கணவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இருவரும் பஸ் எடுக்க நடந்து போனார்கள்.

மனைவி இறந்து ஒரு மாதம் ஆகி, தேவாலயத்தில் அதற்கான பூசை முடிந்த சில நாட்களில் கணவர் தனியாக வந்தார். இந்தத் தடவை கதிரையில் உட்கார்ந்தார். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்த சனங்களுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். மச்சான், அந்தத் தம்பிக்காரர்தான், எழும்பி வந்து கையைப் பிடித்து மறித்தாராம்.

"மச்சான் சோத்தை அள்ளி வாயிலை வைக்கேக்கை ஒருத்தர் அவரைப் பாத்து, இந்த முறை மண்ணெண்ணெயோ பெற்றோலோ கொண்டு வந்தனீர் எண்டு பகிடி விட்டவர். அதுக்குப் பிறகு எனக்கு இருக்கேலாமல் போச்சு."

"மகள்?"

"எழும்பி உள்ளை போனவள். கதவைச் சாத்தினவள். சமைக்கிறாள். சோத்துக் கோப்பையைக் கொண்டுவந்து வைக்கிறாள். கதைக்கிறாளில்லை. மாமனோடை இப்ப நல்லாக் கதைக்கிறாள்."

தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். என் மனைவி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய மச்சான் இளவாலைக்கு வருவார் என்றும், இருவரும் முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்றும் சொன்னார். அந்த ஒருவர் வந்து போவதால்தான் தான் இன்னும் சாப்பிடுவதாகச் சொன்னார். அழவில்லை. தன் வீட்டு நிலைமையை வேறு யாருடையதோ போலச் சொன்னார்.

காரை விற்றுத் தரும்படி கேட்டுவிட்டுப் போனார். கண்ணால் காணவும் விருப்பமில்லை என்றார்.

பாகங்கள் மெல்ல வரத் தொடங்கிய பிறகு புதுப் பம்ப் ஒன்று போட்டேன். உடுப்பிட்டியில் இருந்து ஓர் இளம் குடும்பம் பார்க்க வந்தது. அந்தப் பெண் நிறைமாதமாக இருந்தாள். கணவன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டான். அவள் பின் கதவைத் திறந்து ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தாள், வசதியாக இருக்கிறது என்றாள்.

"இதிலை என்ன பிரச்சினை இருந்தது?" என்று அவன் கேட்டான்.

"பெற்றோல் பம்ப் மாத்தினது. மற்றதெல்லாம் நல்லாயிருக்கு," என்றேன்.

"வேறை ஒண்டும் இல்லையோ?"

அவளைப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

"பின்னுக்கு இருக்கிறவைக்கு ஏதும் சத்தம் கேட்டால் உடனை கொண்டுவாங்கோ," என்றேன். அவன் சரி என்றான்.

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க இளவாலையில் இருந்து கணவர் வரவில்லை. மகள்தான் அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொண்டு, மாமனோடு பஸ்ஸில் வந்தாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்கிறார்," என்றாள்.