எழுச்சிக்கு ஒரு முட்டு

பல்கலைக்கழகப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தோரு வருடமாக வெல்டர் அவர். வளாகத்தில் அவர் கை படாத கதவோ கம்பியோ கிடையாது. நூலகத்துக்கு எதிரே நிற்கும் ‘எழுச்சி’ என்ற இரும்புச் சிற்பத்தில் மட்டும் கை பட்டிருக்கக் கூடாது. பட்டுவிட்டது.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள், எழுச்சி இடப்பக்கம் சாயத் தொடங்கியது. அடியில் போல்ட்டெல்லாம் துருவேறி இற்றுப்போயிருந்தன. கீழே பிள்ளைகள் உட்கார்ந்து அரட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். கலைக்குழுவின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கலைப்பொருளைத் தொட்டால் வேலை போய்விடும். கலைக்குழு எப்போது கூடும் என்பதோ கலைக்குழுவுக்கே தெரியாது. யார் தலையிலாவது விழுந்து தொலைத்தால்? மனுஷன் பிள்ளைகளை விரட்டினார், உடைந்த சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து ஒரு குழாயை அறுத்தார், இருபது நிமிடத்தில் முட்டுக்கொடுத்துப் பற்றவைத்தார், கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நம் ஆட்கள் கலையைப் பார்க்கிற லட்சணம் அப்படி.

இந்த வருடம்தான் வினை வந்தது. வளாகத்துக் கலையை மக்கள் எப்படி அனுபவிக்கிறார்கள் என்று ஆராய ஒரு மாணவி வந்தாள். போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்துப் படிவம் நீட்டினாள். அந்தக் குழாயை மட்டும் நாற்பது படம் எடுத்தாள்.

“அண்ணே, இந்த ஊன்றுகோல்தான் இதோட உயிரே! எழுந்து நிக்கணும்னா யாராவது தாங்கணும்னு சொல்லுது பாருங்க.”

“சொல்லுதாம்மா?” என்றார். அவருக்கு ஓய்வுபெற நாலே மாதம் இருந்தது.

அதோடு விட்டாளா? சிற்பியையே வரவழைத்துவிட்டாள். தான் செய்ததைத் தானே அறியாமலிருப்பாரா அவர்? குழாயை அறுத்தெடுத்தால் எழுச்சி விழுந்துவிடும். விட்டுவைத்தால் இவர் விழுவார்.

“வாயத் தொறக்காதீங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும், நீங்க பாட்டுக்கு இருங்க” என்றாள் வீட்டுக்காரி.

சிற்பி வந்தார். துணைவேந்தர் கூடவே வந்தார். அதிசயமாகக் கலைக்குழுவும் முழுசாக வந்திருந்தது. வெல்டர் ஏணி பிடிக்க நின்றார். சிற்பி ஒரு சுற்றுச் சுற்றி வந்து குழாயருகே நின்றுவிட்டார். விரலால் தடவினார். நெற்றி சுருங்கியது.

“இதப் பத்தி மட்டும் மூணு அத்தியாயம் எழுதியிருக்கேன் சார்!” என்றாள் மாணவி.

துணைவேந்தர் கைதட்டினார். சிற்பியின் நெற்றி மெல்ல விரிந்தது.

“இந்த ஒரு குழாய்க்காக மூணு மாசம் தூக்கமில்லாமக் கெடந்தேன்மா” என்றார்.

அடப்பாவி! மூன்று மாதமா?

வேலை தப்பியது. அதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்தான். ஆனால், தான் பெற்ற பிள்ளையை எவனோ இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு படத்துக்கு நிற்பதைப் பார்ப்பது போல அவருக்குப் பற்றியெரிந்தது.

கூட்டம் கலைந்தபின் மாணவி படிவத்தோடு வந்தாள். “நீங்கதான் அண்ணே பாக்கி. இந்தச் சிற்பத்துக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?”

அவர் குழாயைப் பார்த்தார். பற்றவைத்த இடம் இம்மிகூட அசையாமல் இருந்தது. பேனாவை வாங்கி, ‘தொடர்பு எதுவும் இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டார்.

மாணவி ஆறுதலாகச் சிரித்தாள். “பரவாயில்லண்ணே, விடுங்க. இதெல்லாம் எல்லாருக்கும் புரிஞ்சுடாது.”