தூக்கிய கை

கூட்டத்தில் நிற்கிற வேலைக்குப் போய் எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. சினிமாவுக்காகச் சந்தை, கல்யாணம், எழவு என்று எது எடுத்தாலும் பின்னால் நிற்பவர்களில் நானும் ஒருத்தி. படித்தது ஐந்தாவது. முன்வரிசைக்கு வரச் சொன்னால் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்கள் கேட்டதால், எனக்கு ஒரே ஒரு தடவை க்ளோசப் வந்ததை எழுதுகிறேன்.

பீளமேட்டில் மூடிக் கிடந்த ஒரு மில்லில் செட் போட்டிருந்தார்கள். குண்டு விழுந்த ஊராம். மில் ஏற்கெனவே பாதி அப்படித்தான் இருந்தது. சண்டை நடக்கிற நாட்டுக்குப் போய்ப் படம் பிடிக்கும் பத்திரிகைக்காரரின் கதை. நிஜமாகவே அப்படிப் போய் வந்த போட்டோகிராபர் ஒருவரை, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்தார்கள். பெருந்துறைக்காரத் தம்பி அவர்.

டைரக்டர் ஒரு போட்டோவை நீட்டினார். அந்தத் தம்பி எடுத்தது, அவருக்குப் பெரிய பேர் வாங்கித் தந்தது என்றார். இடிந்த வீட்டின் முன்னால் என் வயசில் ஓர் அம்மா. முகத்துக்கு நேரே கையைத் தூக்கி விரித்திருந்தார். வாய் திறந்திருந்தது.

"காப்பாத்துங்கன்னு கூப்பிடுறாங்க. இதே மாதிரி செய்யணும்மா. கைதான் முக்கியம்."

எங்களைக் கூட்டி வரும் ஏஜென்ட் செல்வராணி காதோரம் வந்தாள். "ஏனுங் மாராத்தாக்கா, இதையும் கோட்டை உட்டுப்போடாதீங்க. அப்பறம் நம்ம கூட்டத்துல இருக்கற அந்தப் பவானிக்காரிய நிறுத்தீருவாங்க. அவ சும்மாவே ஊரக் கூட்டுவா."

நான்கு டேக் போனது. "பஸ்ஸை நிறுத்துற மாதிரி இருக்கும்மா" என்றார் டைரக்டர். எல்லாரும் சிரித்தார்கள். "இன்னும் ஒரு தடவைதான். வரலேன்னா ஆளை மாத்துங்க" என்று அவர் செல்வராணியிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

ஐந்தாவது டேக்கில் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு முகத்துக்குக் கிட்டவே வந்துவிட்டார்கள். சுற்றிலும் அத்தனை கண். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நடிப்பு மறந்துபோய், "வேண்டாங்க, எடுக்காதீங்க" என்று கையைத் தூக்கி மறைத்துவிட்டேன். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"கட்! ஓகே! அப்படியே அந்தப் போட்டோம்மா!" டைரக்டர் ஓடி வந்தார். பேச்சை டப்பிங்கில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டீ குடிக்கும்போது போட்டோகிராபர் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கையத் தூக்கறப்ப என்னங்கம்மா நெனச்சீங்க?"

நடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "வெக்கமாப் போச்சுங்க தம்பி. என்னைய எடுக்காதீங்கன்னு கையத் தூக்கீட்டேன். டைரக்டர்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

அவர் அந்தப் போட்டோவை எடுத்துவந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போனது.

"அந்தம்மா என்னங்க சொல்லுச்சு?" என்றேன்.

"அவங்க பாஷை எனக்குத் தெரியாதுங்கம்மா. காப்பாத்தச் சொல்றாங்கன்னு நெனச்சேன். இத்தன வருசமா எல்லார்த்துக்கும் அப்படித்தான் சொல்லீட்டிருக்கேன்."

எனக்குப் பயமாகிவிட்டது. "அந்தம்மா கூப்புட்டுத்தான் இருக்குமுங்க. நான் கூச்சக்காரி, என்னைய வெச்சு எதும் நெனைக்காதீங்க."

சாயங்காலம் வேன் ஏறும்போது கேமராவோடு வந்தார். கேமரா கீழே பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. "அம்மா, உங்கள ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?"

இந்தப் பதினோரு வருடத்தில் வேறு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. வேண்டாம் என்றேன். "சரிங்கம்மா" என்று கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.

சரி என்று சொல்லியிருக்கலாமோ என்று அவிநாசி வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் தெரியவில்லை. அன்றைக்கு நான் இரண்டு தடவை வேண்டாம் என்றேன். முதல் தடவை சொன்னதைப் படம் பிடித்து ஓகே என்றார்கள். அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வேண்டாம் என்றால் கேமரா ஓடுவதற்கு முன்னாலேயே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். ஓடும்போது சொன்னால் அதுவும் நடிப்பாகிவிடுகிறது.