செக்கிங் அக்காவின் கடைசி அட்டை

என் மேஜை இழுப்பறையில் ஒரு சிறிய அட்டை கிடக்கிறது. ஷூ சாம்பிளில் கட்டித் தொங்கவிடும் அட்டை. ஓட்டையில் இன்னும் சிவப்பு நூல் இருக்கிறது. நீல மையில் 2.4 என்று ஓர் எண், அதன் கீழே சாய்ந்த எழுத்தில் ‘பார்த்தேன்’. அதைக் கையில் எடுத்தால் ஆம்பூர் மதியங்கள் மெல்ல வந்துவிடும்: கம்ப்யூட்டர் அறை ஏ.சி.யின் முனகல், கதவிடுக்கில் நுழையும் தோல் வாசனை, ஜன்னலுக்கு அப்பால் வெயிலில் பாதி கரைந்து நிற்கும் மலை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஷூ கம்பெனி ஒன்றில், தோல் வெட்டும் அளவுகளைப் போட்டுத் தரும் புரோகிராமை எழுதிக்கொண்டிருந்தேன். அதைச் சோதித்தவரைச் செக்கிங் அக்கா என்போம். ஃபினிஷிங் பிரிவில் பல வருடம் ஷூ பார்த்துத் தேறியவர். பசை நெடியில் வீசிங் வந்ததால் எங்கள் அறைக்கு மாற்றியிருந்தார்கள். புரோகிராமில் நான் எதை மாற்றினாலும் அளவுத்தாளை அச்சடித்து, ஒரு ஜோடிக்கு வெட்டச் சொல்லி, டேப் வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால்தான் புரோகிராமின் புதுப் பதிப்பு எண்ணை அட்டையில் எழுதி ஆணியில் மாட்டுவார். அட்டை ஏறாத புரோகிராமைக் கட்டிங் பிரிவில் ஒருவரும் தொடமாட்டார்கள்.

எனக்கு அந்தக் காத்திருப்பு பேஜாராக இருந்தது. என் வேலையைச் சர்வரில் சேமித்ததுமே அடுத்த எண் தானாக ஏறி, அளவுத்தாளின் தலையில் அச்சாகும்படி செய்தேன். மானேஜர் தோளில் தட்டினார். நான் தரையிலேயே இல்லை. அக்கா மட்டும் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் இன்னும் பாக்கவே இல்லியே, அதுக்குள்ள நம்பர் வந்துடுச்சே?”

சிரித்து மழுப்பினேன். அடுத்த திங்கட்கிழமையே, இங்கே இனி வேலையில்லை என்று அவரைப் பழைய ஃபினிஷிங் பிரிவுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்த நெடி அவரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் வாரம் வேலூரில் நண்பனின் கல்யாணம். பாதி முடிந்த வேலையைச் சேமித்துவிட்டு பஸ் ஏறினேன். எண் தன்பாட்டுக்கு ஏறியது. திரும்பி வந்தபோது, ஷூவின் நாக்குத் துண்டுகள் அரை அங்குலம் குட்டையாக வெட்டப்பட்டு மூலையில் குவிந்து கிடந்தன. கட்டிங் மாஸ்டர் கோபப்படக்கூட இல்லை.

“நம்பர் இருந்துச்சே சார். யாரோ பாத்துட்டாங்கன்னுதான வெட்டுனோம்.”

தப்பு என்னுடையது என்று மானேஜரிடம் ஒப்புக்கொண்டு, அக்காவை எங்கள் அறைக்கே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டேன். சரி என்றார். ஃபினிஷிங் பிரிவுக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் அக்காவின் இடத்தில் வேறொருவர். வீசிங் ஜாஸ்தியாகி முந்தின வாரமே நின்றுவிட்டாராம். வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்ந்தபடி, மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

“வேணாம் தம்பி. அந்த கேட்டைத் தாண்டவே பயமா இருக்கு. இனிமே நீயே ஒரு ஜோடி வெட்டிப் பாத்துட்டு நம்பர் போடு.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் ஆணியில் தொங்கிய கடைசி அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். மற்ற குழுக்களில் எண்கள் தாமாகவே ஏறிக்கொண்டே போகின்றன. எங்கள் புரொஜெக்டிலும் அப்படித்தான், ஒரே ஓர் இடத்தைத் தவிர. எண் ஏறுவதற்கு முன் திரை நின்றுவிடும். யாராவது ஒருவர் ஒரு வார்த்தையைக் கையால் அடித்தால்தான் நகரும். இதெல்லாம் எந்தக் காலத்துப் பழக்கம் சார் என்று பிள்ளைகள் கிண்டல் செய்கிறார்கள். சிரித்துக்கொள்கிறேன். பிறகு இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு, அந்த வார்த்தையை அடிக்கிறேன்: பார்த்தேன்.