ஓடையைக் குப்பையாக்கும் உத்தியோகம்

எங்கள் தொழிலில், வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறோமோ அவ்வளவுக்கு அது செய்யாத வேலையாகத் தெரியும். எல்லாம் முடித்த பிறகும் "எப்ப தொடங்கப் போறியள்?" என்று கேட்கப்பட்டவர்கள் உங்களில் இருந்தால், அவர்களுக்கு என் அனுதாபம், எனக்கும் கொஞ்சம் தாருங்கள். தமிழர் குடியேறி வாழும் ரூஜ் என்ற புறநகரில் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சிற்றோடை ஒன்றில் மீன் வாழ இடம் செய்வதுதான் எனக்கும் நசீருக்கும் வேலை.

பட்ட மரம்

பழைய கொங்கிறீற் கரையை உடைத்து, வேரோடு பட்ட மரங்களைத் தண்ணீருக்குள் கிடத்தினோம். அந்தத் தெரு முதியோர் சங்கத்தின் தலைவி யோகம் அன்ரி வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார். மரத்தடியில் ஆழமும் நிழலும் உண்டாகும், ஏறி வரும் மீன் அங்கே களைப்பாறும் என்று விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப மீனுக்கு பேஸ்மென்ற் கட்டுறியள். வாடகைக்கு ஆரும் வந்து பாத்தவையோ?"

வெறும் வலை

யாரும் வரவில்லை. மேலதிகாரி டேவ் வலை போட்டுப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. நம்மவர் தகர ரின்னில் அடைத்துக் கண்டு பழகிய சமன், அதாவது சால்மன் மீன், இந்த இலையுதிர்காலத்தில் ஏரியிலிருந்து ஏறி வந்து இங்கே முட்டையிட வேண்டும். இல்லாவிட்டால் கரைக்குத் திரும்பவும் கொங்கிறீற்தான், எங்களுக்கும் வேலை இல்லை என்றார். நாயோடு நடந்துபோன தமிழர் ஒருவர் வலையைப் பார்த்து என்மேல் இரங்கினார்: "அண்ணை, மீனெண்டா மார்க்கம் றோட்டுக் கடைக்குப் போங்கோ. வெட்டியும் தருவினம்."

சிரமதானம்

ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால், ஓடை கழுவித் துடைத்த பாத்திரம் போலிருந்தது. தண்ணீருக்குள் ஒரு மரமும் இல்லை. முந்தின நாள் முதியோர் சங்கம் சிரமதானம் செய்து, பிக்கப் வண்டியில் கயிறு கட்டி இழுத்து, எல்லாவற்றையும் கரையில் விறகு போல் அடுக்கியிருந்தது. நசீர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். அன்ரி வடைத்தட்டை நீட்டினார்: "மீனும் வரேல்லை, பாவம், ரெண்டு பேரா நீங்கள் இந்தக் குப்பையை எப்ப கூட்டி முடிக்கிறது? நாங்கள் மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டம்."

இன்னொரு சிரமதானம்

மீன் இனித்தான் வரும், மரம் இல்லாவிட்டால் வராது, எங்கள் வேலையும் போய்விடும் என்று சொன்னதும் அன்ரியின் முகம் கறுத்தது. அடுத்த ஞாயிறு அதே சங்கம், அதே கயிறு. மரங்கள் திரும்பத் தண்ணீருக்குள். ஆனால் அவற்றை வரிசையாக, இடைவெளி பார்த்துத்தான் வைப்போம் என்று நின்றார்கள். தாறுமாறாகக் கிடந்தால்தான் மீனுக்கு வசதி என்று நசீர் மன்றாடினான். ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் தன் மரத்தை மனமில்லாமல் கோணலாகத் தள்ளினார்: "தம்பி, இதை நான் செய்தனெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

விருந்தாளி

நல்ல மழைக்குப் பிறகு ஒரு காலை, கை நீளச் சமன் ஒன்று மரநிழலில் நின்றது. பிறகு வெளியே வந்து, வாலால் கூழாங்கல்லைக் கிளறி முட்டையிடக் குழி தோண்டத் தொடங்கியது. சங்கம் முழுவதும் கரையில் வரிசையாக நின்றது. செய்தி கேட்டு வந்த டேவ், கிட்டப் பார்க்கும் ஆவலில் பூட்ஸோடு இறங்கப் போனார். யோகம் அன்ரி குறுக்கே கையை நீட்டிச் சொன்னதைக் கேட்டு, தமிழ் தெரியாத டேவே இரண்டடி பின்வாங்கினார்: "சத்தம் போடாமல் தள்ளி நில்லும். பிள்ளைப்பேறு நடக்குது."

கொங்கிறீற் வரவில்லை, எங்கள் வேலையும் போகவில்லை; ஒரு மேலதிகாரி இருந்த இடத்தில் இப்போது ஒரு முதியோர் சங்கமே இருக்கிறது, அவ்வளவுதான்.