தேசப்பன் வண்டியும் மூன்று ஜெட்டும்

கார்புரேட்டர் வேலை பார்க்கிறவன் பாதி நாள் வானிலையோடு மல்லுக்கட்டுகிறான், மீதி நாள் வண்டிக்காரரோடு. என்னைப் போல ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக இந்தப் பாவத்தைச் சுமக்கிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்கு ஒரு விளக்கம்: பெட்ரோலை அளந்து விடுகிற துளை போட்ட குட்டிப் பித்தளைத் திருகுக்கு ஜெட் என்று பெயர். காற்று சூடாக இருந்தால் சின்ன ஜெட், குளிர்ந்தால் பெரிய ஜெட். இவ்வளவுதான் தொழில். இதை வைத்துக்கொண்டுதான் பழவேற்காட்டில் கடை நடத்துகிறேன்.

மலை ஏறிய வண்டி

தேசப்பன் ஏரிக்கு நடுவே தீவாக இருக்கிற பசியாவரத்துக்காரன். நானும் அதே ஊர்தான், வலையை விட்டு ஸ்பேனரைப் பிடித்தவன். பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்றைப் பந்தயத்துக்கென்றே வைத்திருக்கிறான். அதைப் படகில் ஏற்றித்தான் என் கடைக்குக் கொண்டுவருவான்.

ஒருமுறை ஏலகிரிப் பந்தயத்துக்குப் போனான். இங்கே தண்ணீர் மட்டத்தில் வைத்து நான் அருமையாக டியூன் செய்து அனுப்பினேன். மலைமேல் காற்று அடர்த்தி குறையும், சின்ன ஜெட் போட வேண்டும் என்பதை அடியோடு மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் உயரம் என்றால் கலங்கரை விளக்கம்தான், அதில் யாரும் பைக் ஓட்டுவதில்லை. வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கடைசியாக வந்தது. மேலிருந்து போன் செய்தான்.

"இங்க காத்தே கம்மியா கீதாம்ணா. நம்ம ஊர்லர்ந்து ரெண்டு மூட்ட கட்டினு வந்துருக்கலாம்."

ஜெட்டுக்கும் முறை

ஏலகிரிக்குப் பிறகு அவன் மனைவி கன்னியம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு பந்தயம். தோற்றால் வண்டியை விற்றுவிட வேண்டும். எளாவூர் பக்கம் கத்திரி வெயிலில் நடக்கும் மண் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தான். அது அவனுடைய பாடு வரும் நாளில் வந்து விழுந்தது. ஏரியில் நல்ல இடத்தில் வலை போட ஊரில் ஒவ்வொருவருக்கும் முறை வரும், அதுதான் பாடு. விட்டால் ஊரே ஒரு சுற்று முடித்த பிறகுதான் திரும்ப வரும். பாட்டையே விட்டுக்கொடுத்துப் போகிறான் என்றதும் நானும் கடையில் மற்ற வேலையை ஒதுக்கிவைத்தேன்.

மூன்று அளவு ஜெட்டைத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்து, வெயிலைப் பார்த்து மாற்றி ஓட்டிப் பழகச் சொன்னேன். வண்டி ஒருநாள் பறந்தது, மறுநாள் இருமியது, அதற்கடுத்த நாள் முக்கியது. நான்கு முறை கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினேன். கடைசியில்தான் விசாரித்தேன். வெயிலாவது மழையாவது, நாளுக்கொன்றாக வரிசைப்படி போட்டு ஓட்டியிருக்கிறான்.

"ஒண்ணையே போட்டுனு இருந்தா எப்டிணா? மத்த ரெண்டுத்துக்கும் பாடு வர வேணாமா?"

எளாவூர்

காலையில் அனல் காற்று. சின்ன ஜெட் போட்டேன். தகுதிப் போட்டியில் தேசப்பன்தான் முதல். இறுதிப் போட்டிக்கு முன்னால் அவன் கிழக்கே பார்த்துவிட்டு, கடல் காற்று ஏறப் போகிறது, பெரிய ஜெட் போடு என்றான். நான் போனைக் காட்டினேன். அதில் சாயங்காலம்தான் காற்று திரும்பும் என்று போட்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், போன் பாதிக் காரணம்தான். கையில் பிரித்த பிரியாணிப் பொட்டலம் இருந்தது. மீனை நீ பார், இன்ஜினை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இறுதிப் போட்டியின் மூன்றாவது சுற்றிலும் அவன்தான் முன்னால். அப்போது வியர்த்திருந்த என் முதுகு சில்லென்று ஆனது. கடல் காற்று வந்தேவிட்டது. குளிர்ந்த காற்றுக்குச் சின்ன ஜெட் போதாது, பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறி, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். வேகத்தைக் குறை என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓரமாக ஓடினேன். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாகப் போனான். அடுத்த வளைவில் வண்டி நின்றது. மற்ற எல்லோரும் தாண்டிப் போன பிறகு தள்ளிக்கொண்டு வந்தான்.

"நீ கைய ஆட்டி குஷிப்படுத்தினியே, அதான்ணா ஃபுல்லா முறுக்கினேன்."

கன்னியம்மா வந்தாள்

மறுநாள் கன்னியம்மா படகேறிக் கடைக்கே வந்துவிட்டாள். ஜெட்டை மாற்ற வேண்டாம் என்றது யார் என்று கேட்டாள். தேசப்பன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையது, காற்றை அவன் சரியாகச் சொன்னான், வண்டியை விற்க வைக்காதே என்று கேட்டுக்கொண்டேன். பிரித்துப்போட்ட இன்ஜினைச் சுட்டிக்காட்டினாள்.

"வண்டி கெடக்கட்டும், விக்கல. போன பாட்டுக்கு இன்னா சொல்ற? அடுத்த பாட்டுக்கு அவரு கரையில குந்தட்டும், நீ எறங்கி வல இழு."

ஒரு ஜெட் மாற்றச் சோம்பல்பட்டு, விடிந்ததிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் வலை இழுத்த கார்புரேட்டர் மெக்கானிக், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.