கிளட்ச் மிதித்தால் வரும் சத்தம்

ஒர்க்‌ஷாப் தெருவில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "ரெண்டாவது வால்வு" என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். வண்டிக்காரர் எதையாவது விளக்க வாயெடுத்தால், "நீங்க சும்மா இருங்க, வண்டியே சொல்லும்" என்று அடக்கிவிடுவார்.

ஐம்பது தாண்டிய பிறகு அவர் காதிலிருந்து சில சத்தங்கள் காணாமல் போயின. தடதடப்பும் உறுமலும் கேட்டன. மெல்லிய கீச்சுச் சத்தங்கள் மட்டும் கேட்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து மனைவி எது கேட்டாலும் பொத்தாம்பொதுவாக "ஆமா" என்று சொல்லிவைப்பார். "உப்பு போதுமான்னு கேட்டாலும் ஆமா, இன்னும் வேணுமான்னு கேட்டாலும் ஆமாவா?" என்று அவள் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தியின் பழைய காரில் கியர்பாக்ஸ் உடைந்தது. மகளைக் கொடுத்த வீடு. அதனால் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று இவரே வாங்கிக்கொண்டார். காயலான் கடையில் தேடி அதே மாடல் கியர்பாக்ஸ் ஒன்றை எடுத்துவந்து மாட்டினார். மாட்டுவதற்கு முன் ரிலீஸ் பேரிங்கைக் கையில் எடுத்தார். பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளிக்கொடுக்கிற வளையம் அது. காதருகே வைத்துச் சுழற்றினார். சத்தமே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று பழையதையே திரும்பப் போட்டுவிட்டார்.

கொஞ்ச நாளில் சம்பந்தி வண்டியோடு வந்து நின்றார்.

"ஒண்ணுமில்ல சம்பந்தி, கொசு காதுகிட்ட கத்துற மாதிரி ஒரு சத்தம் வருது. நீங்க ஒரு வாட்டி ஓட்டிப் பாருங்களேன்."

ஓட்டிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. "மிதிக்கும்போது வருதா, விடும்போது வருதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். காலை எடுத்தால் வந்து, மிதித்தால் நின்றுபோகிற சத்தம் கியர்பாக்ஸுக்குள் இருக்கிற பேரிங்குடையது. மிதித்தால் மட்டும் வந்தால் அந்த வளையம். தொழிலுக்கு வந்த புதிதிலேயே அவர் படித்த பாடம். ஆனால் கேட்டால் தன் காது காட்டிக்கொடுத்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டார். முகத்தைச் சுளித்துத் தலையாட்டினார்.

"ஆமா, நல்லாவே வருது. பாக்ஸுக்குள்ள பேரிங் போயிருக்கு. அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான்."

சொன்ன பிறகு அதையே அவரும் நம்ப ஆரம்பித்தார். நேரே காயலான் கடைக்குப் போனார். சாமான் குவியலைக் கிளறிக்கொண்டு நாலைந்து மெக்கானிக்குகள் நின்றிருந்தார்கள்.

"செத்த பாக்ஸை என் தலையில கட்டிட்டியேப்பா!"

"டாக்டர், நானே கையால சுத்திப் பார்த்துதான் குடுத்தேன்."

"நம்பி வர்றவன் கழுத்தை அறுக்கிறியே, இதெல்லாம் ஒரு பொழப்பா?"

கடைக்காரரின் முகம் சுண்டிப்போனது. வேறொரு கியர்பாக்ஸைத் தூக்கி வைத்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கையிலிருந்த டைனமோவைத் திரும்பவும் குவியலிலேயே போட்டுவிட்டு வெளியேறினார்.

இரண்டாவது கியர்பாக்ஸும் ஏறியது. ரிலீஸ் பேரிங் அதே பழையதுதான். வண்டியை எடுத்துப்போக மாமனாரோடு மகளும் வந்திருந்தாள். அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டாள். இவர் திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அப்பா, இப்போ சத்தம் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. கொஞ்சம் ஓடினா சரியாயிடும்."

மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "நான் இன்னும் கிளட்சையே மிதிக்கலப்பா. இப்போ சத்தமே இல்ல." பிறகு மிதித்தாள். "இப்பதான் வருது."

அவருக்கு அப்போதும் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற சம்பந்தி அந்தச் சத்தம் தாங்காமல் சட்டென்று ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டதைப் பார்த்தார். கெட்டுப்போனது அந்த வளையம்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சம்பந்தி திரும்பி நின்று சுவரில் இருந்த டயர் விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

மகள் இறங்கி வந்து தணிந்த குரலில் கேட்டாள். "எப்போலேருந்துப்பா?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அம்மாகிட்ட சொல்லிடாதே."

"அம்மாவுக்குத் தெரியும்பா. நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் சிரிச்சு மழுப்பறாங்க."

அதற்குமேல் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கியர்பாக்ஸை மறுபடியும் இறக்கி, புது ரிலீஸ் பேரிங் போட்டு மாட்டினார். மகளை மிதிக்கச் சொல்லி, "வருதா? நல்லாக் கேட்டுச் சொல்லு" என்றார். "இல்லப்பா, இல்லவே இல்ல" என்றாள்.

காயலான் கடைக்கு மதியம் போனார். கடையில் யாரும் இருக்காத நேரமாகப் பார்த்துத்தான் போனார்.

"தப்பு என்மேலதான்பா. உன் பாக்ஸ் ரெண்டுமே நல்ல பாக்ஸ்."

கடைக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்தார். "திட்டினது நாலு பேர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் தனியாவா டாக்டர்?"

அப்படியே திரும்பி வந்துவிட்டார். சில நாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் சுற்றுவழியில் போய்வந்தார். பிறகு ஒரு காலை, கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில் உள்ளே நுழைந்தார்.

"அன்னிக்கு இவர் குடுத்தது நல்ல பாக்ஸ். எனக்குக் காது கேக்கல. அதை மறைக்கறதுக்கு இவரைத் திட்டிட்டேன்."

காதைப் பற்றிச் சொல்லும் எண்ணத்தோடு அவர் வந்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. அதுவும் தேவைக்குமேல் உரக்க. சாமான் கிளறும் கைகள் எல்லாம் நின்றன. கடைக்காரர் நட்டைக் கழற்றிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார்.

"என்னப்பா சொன்னே? எனக்குக் கேக்கல."

"என்ன வேணும்னு கேட்டேன் டாக்டர்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கு ஒன்றும் வேண்டாம். வெறுங்கையோடு திரும்பி நடக்கவும் கூச்சமாக இருந்தது. எதிரில் தொங்கிய சைடு மிரர் ஒன்றைக் காட்டி வாங்கிக்கொண்டார். அவரிடம் இருந்த எந்த வண்டிக்கும் அது பொருந்தாது.

இப்போது வண்டி கொண்டுவருகிறவர்களிடம் எப்போது சத்தம் வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடுகிறார். கேட்கும்போது மட்டும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பானெட்டுக்குள் குனிந்துகொள்கிறார்.