குழாய் திறந்த பிறகு

என் அண்ணன் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மயிர் நீக்குகிற பிரிவு அவருடையது. நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், இதய நோய் வார்டில் நர்ஸ். எண்பதுகளின் நடுவில், ஒரு கோடையில், அவருக்கு மாரடைப்பு வந்தது. அதை நினைத்தால் துக்கத்துக்கு முன்னால் அருவருப்புதான் எனக்கு இன்றும் வருகிறது.

காலை ஷிஃப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொட்டி ஓரம் உட்கார்ந்துவிட்டாராம். சட்டையெல்லாம் வியர்வை. கூட வேலை செய்தவர் ஓடிப்போய் மேனேஜரை அழைத்து வந்தார். "வயித்துல கேஸ்தான், ஒரு சோடா குடிச்சா சரியாய்டும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் ஆபீஸுக்குப் போய்விட்டார். சோடாவைக் குடித்த அண்ணன் அங்கேயே வாந்தி எடுத்தார். வாசலில் கம்பெனி கார் நின்றிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வியாபாரியை மத்தியானம் அழைத்துப்போகத் துடைத்து வைத்திருந்தார்கள். கூட வேலை செய்தவர் அந்தக் காரைக் கேட்டபோது மேனேஜர் சொன்னாராம்: "இந்தத் துணியோட ஏத்துனா சீட்ல நாத்தம் புடிச்சுக்கும். வேற எதாவது பாருங்க."

தோல் இறக்கிவிட்டு ராணிப்பேட்டைக்குத் திரும்பிய லாரி ஒன்று கிடைப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வாந்தி எடுக்கிறவரை முன்னால் ஏற்ற டிரைவர் ஒப்பவில்லை. பின்னால், உப்புத் தண்ணீர் தேங்கிய பலகைமேல் சாக்கு விரித்துப் படுக்கவைத்தார்கள். பள்ளிகொண்டா தாண்டும்வரை நினைவு இருந்தது என்று பிறகு அண்ணன் சொன்னார்.

ஸ்ட்ரெச்சரில் வந்தது யாரென்று எனக்கு உடனே தெரியவில்லை. ஆளுக்கு முன்னால் நாற்றம் வந்தது. அழுகிய கொழுப்பு, சுண்ணாம்பு, வாந்தி. அட்டெண்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா சிஸ்டர் இது, செத்த மாடு மாதிரி" என்றார்.

"எங்க அண்ணன்" என்றேன்.

அவர் கையை இறக்கிக்கொண்டார். நான் சட்டையைக் கத்தரித்து எடுத்து உடம்பைத் துடைத்தேன். தலைமுடியில் ஒட்டியிருந்த தோல் துணுக்குகளை விரலால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு புது சிகிச்சை தொடங்கியிருந்தார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை இதயத்தின் ரத்தக்குழாய் வரை கொண்டுபோய், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்தை அங்கேயே செலுத்துவது. அண்ணனுக்கும் செய்தார்கள். கண்ணாடிக்கு இப்பால் நின்று நானும் திரையைப் பார்த்தேன். அடைப்பு கரைந்து வழி திறந்தது. இளம் டாக்டர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆனால் படம் தெரிவதற்காகச் செலுத்திய திரவம் மற்ற ரத்தக்குழாய்களில் சட்டென்று ஓடி மறைய, இதில் மட்டும் சேற்றில் நடப்பதுபோல நகர்ந்தது.

பெரிய டாக்டரிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"குழாய் திறந்துடுச்சும்மா. ஆனா அதுக்கு அப்பால இருக்கிற சின்னக் குழாய்ங்கள்ல ரத்தம் சரியாப் போகல. தசை நெறய செத்துப்போச்சு. ரொம்ப லேட்டா வந்துட்டாரு."

"சீக்கிரம் வந்திருந்தா?"

"நெறய காப்பாத்தியிருக்கலாம்."

அண்ணன் பிழைத்தார். மேனேஜர் ஆப்பிள் பையோடு பார்க்க வந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே அண்ணியிடம், "நேரத்துக்கு அனுப்பி வெச்சோம், பொழச்சுக்கிட்டாரு" என்றார். அண்ணன் தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். "சார் இல்லேன்னா நான் இல்ல."

"காலையிலயே காரைக் குடுத்திருந்தா இவரு இந்நேரம் நடந்துகிட்டு இருப்பாரு" என்றேன்.

மேனேஜர் காதில் விழாததுபோல ஜன்னலைப் பார்த்தார். அவர் போன பிறகு அண்ணன் என் கையைப் பிடித்தார். "வுடும்மா. பொண்ணுக்கு அங்கதான் வேலை கேட்டிருக்கேன்."

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கூட்டம் நடந்தது. புது சிகிச்சையின் வெற்றி என்று அண்ணனின் ரத்தக்குழாய்ப் படத்தைத் திரையில் காட்டினார்கள். கை தட்டினார்கள். அந்த வாரம் அண்ணன் மாடியில் எங்கள் வார்டில் இருந்தார். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்ட, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நின்ற நான் கேட்டுவிட்டேன்: "அந்த பேஷன்ட் இப்ப எப்படி இருக்காருன்னு சொல்லலையே டாக்டர்?"

படம் காட்டியவர் சிரித்தார். "அது வேற சிஸ்டர். நாம பேசறது குழாயைப் பத்தி."

பெரிய டாக்டர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் இறந்துபோனார். அவர் கேட்டிருந்தபடி கம்பெனி அவர் பெண்ணுக்கு ஷூ தைக்கும் பிரிவில் வேலை கொடுத்தது. அந்தக் கிறிஸ்மஸுக்கு ஆம்பூர் போயிருந்தேன். அண்ணி கேக் சுட்டு, முதல் துண்டுகளைப் பொட்டலம் கட்டி மேனேஜர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அண்ணியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிச்சமிருந்த கேக்கைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார். என்னால் அதைத் தொட முடியவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.